ராக்கெட் திரும்பி வந்தா யாருக்கு லாபம்?

போன வாரம் நம்ம கேட்கிற ஒரு தங்கை, பொறியியல் மூன்றாம் வருஷம் படிக்கிறவங்க, ஒரு வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. கேள்வி ரொம்ப நேரடியா இருந்தது. "அண்ணா, ராக்கெட் நின்ன வாக்கில் கீழே இறங்கி வர்ற வீடியோவை நூறு தடவை பார்த்துட்டேன். பார்க்க சூப்பரா இருக்கு. ஆனா அதுல நிஜமாவே காசு மிச்சமாகுதா, இல்ல அது வெறும் ஷோவா?"

நல்ல கேள்வி. இதற்கு "ஆமாம்" அல்லது "இல்லை" என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்லலாம். ஆனால் அப்படிச் சொன்னால் பாதிக் கதை போய்விடும். மிச்சமாகிறது என்றால் யாருக்கு மிச்சம் என்ற கேள்வியும் கூடவே வருகிறது. அதனால் இன்றைய எபிசோட் முழுக்க இதுதான். கடைசிவரை கேளுங்க.

ஒரு பஸ் கணக்கு

கிளாம்பாக்கத்தில் ராத்திரி ஒரு ஏசி பஸ்ஸில் ஏறுறீங்க. காலையில் மதுரை மாட்டுத்தாவணி. எல்லாரும் பையை எடுத்துக்கொண்டு இறங்கியதும் டிரைவர் அந்த பஸ்ஸை அப்படியே ஓட்டிக்கொண்டு போய் வண்டியூர் கண்மாயில் தள்ளிவிட்டு வருகிறார். அடுத்த நாள் சென்னையிலிருந்து கிளம்ப இன்னொரு புது பஸ். இப்போ டிக்கெட் விலை என்னவா இருக்கும்? ஒரு முழு பஸ்ஸின் விலையை நாற்பது பேர் பங்கு போட்டுக் கொடுக்கணும்.

1957-ல் ஸ்புட்னிக் போன நாளிலிருந்து பல பத்தாண்டுகள் விண்வெளிப் பயணம் பெரும்பாலும் இப்படித்தான் நடந்தது. டீசல் விலை கொஞ்சம்தான், பஸ் விலைதான் அதிகம். ராக்கெட்டிலும் அதே கதை. எரிபொருளுக்கு ஆகும் செலவு மொத்தத்தில் ரொம்பச் சின்னப் பங்கு. என்ஜின், டேங்க், மின்னணுக் கருவிகள், இதுக்குத்தான் காசு. அதையெல்லாம் சில நிமிஷம் ஓட்டிவிட்டுக் கடலில் போட்டுவிடுவார்கள்.

அப்போ ஏன் இத்தனை வருஷம் யாரும் பஸ்ஸைத் திருப்பிக் கொண்டுவரவில்லை? அவ்வளவு புத்திசாலிகள் இருந்த இடத்தில் இது தோணவே இல்லையா? தோணியது. 1993 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், வைட் சேண்ட்ஸ் என்ற இடத்தில், மெக்டானல் டக்ளஸ் நிறுவனம் செய்த டிசி-எக்ஸ் என்ற சின்ன ராக்கெட் மேலே எழும்பி, பக்கவாட்டில் நகர்ந்து, நின்ன வாக்கிலேயே கீழே இறங்கியது. 1996-ல் ஒரு சோதனையில் அதன் நான்கு கால்களில் ஒன்று விரியவில்லை. சாய்ந்து விழுந்து எரிந்துபோனது. அத்தோடு அந்தத் திட்டமும் முடிந்தது. இந்தக் காலை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

உயரம் பிரச்சினையே இல்லை, வேகம்தான் பிரச்சினை

நம்மில் நிறைய பேருக்கு விண்வெளி என்றால் ரொம்ப உயரம் என்ற எண்ணம். ஆனால் பொதுவாக விண்வெளியின் எல்லை என்று சொல்லப்படுவது 100 கிலோமீட்டர்தான். சென்னையிலிருந்து திண்டிவனம் போகிற தூரம்கூட இல்லை. மேலே போவது ஒரு வேலை. அங்கேயே சுற்றிக்கொண்டு இருப்பது வேறு வேலை. கீழே விழாமல் பூமியைச் சுற்ற வேண்டுமென்றால் மணிக்குக் கிட்டத்தட்ட 28,000 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் ஓடணும்.

அந்த வேகத்துக்காகத்தான் இவ்வளவு எரிபொருள். ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் 9 ராக்கெட்டை எடுத்துக்கொள்வோம். 70 மீட்டர் உயரம். கிளம்பும்போது எடை சுமார் 549 டன். பூமிக்கு அருகிலுள்ள சுற்றுப்பாதைக்கு அது அதிகபட்சம் கொண்டுபோகக்கூடிய சரக்கு 22.8 டன். அதாவது நூறு கிலோ ராக்கெட்டுக்கு நாலு கிலோ சரக்கு. மீதியில் பெரும்பகுதி எரிபொருள்.

இப்போ அந்த நாலு கிலோவிலிருந்துதான் திரும்பி வருவதற்கான செலவையும் எடுக்கணும். திரும்பி வர எரிபொருள் மிச்சம் வைக்கணும், கால்கள் மாட்டணும், திசை திருப்பும் இறக்கைகள் மாட்டணும். நம்ம பஸ் கணக்கில், திரும்பி வர்றதுக்கான டீசலை பயணிகள் சீட்டில் கேன் கேனாக ஏற்றிக்கொண்டு போகிற மாதிரி. சீட்டு குறையும். "பஸ்ஸை மிச்சம் பிடிக்கிறேன்னு சொல்லி ஆளே ஏத்தாம போனா என்ன பிரயோஜனம்?" என்று பல நிபுணர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது.

அதனால்தான் ஸ்பேஸ்எக்ஸ் முழு ராக்கெட்டையும் திருப்பிக் கொண்டுவர முயலவில்லை. ஃபால்கன் 9-ல் இரண்டு அடுக்கு. கீழ் அடுக்கு, அதாவது பூஸ்டர், அதில் ஒன்பது மெர்லின் என்ஜின். மேல் அடுக்கில் ஒரே ஒரு என்ஜின். செலவில் பெரிய பங்கு கீழ் அடுக்கில்தான். அது கிளம்பி இரண்டரை நிமிஷத்தில் தன் வேலையை முடித்துவிடும். அப்போது அதன் வேகம் மணிக்கு 6,000 முதல் 8,000 கிலோமீட்டர்தான். "தான்" என்று சொல்கிறேன், ஏனென்றால் 28,000-உடன் ஒப்பிட்டால் அது குறைவு. மேல் அடுக்கு முழு வேகத்தையும் எட்டிவிடுவதால் அதைத் திருப்பிக் கொண்டுவருவது பல மடங்கு கஷ்டம். ஃபால்கன் 9-ன் மேல் அடுக்கை இன்றைக்கும் தூக்கித்தான் போடுகிறார்கள்.

நிற்கத் தெரியாத பிரேக்

சரி, அந்தக் கீழ் அடுக்கு எப்படி வருகிறது?

பிரிந்தவுடன் நைட்ரஜன் வாயுவைப் பீய்ச்சி அது தன்னைத்தானே திருப்பிக்கொள்ளும். காற்று அடர்த்தியாகும் இடத்துக்குள் நுழையும்போது மூன்று என்ஜினைக் கொஞ்ச நேரம் எரித்து வேகத்தைக் குறைக்கும். இல்லையென்றால் சூட்டிலும் அழுத்தத்திலும் உடைந்துவிடும். ஆரம்பத்தில் பாராசூட் கட்டிக் கடலில் இறக்கலாம் என்றுதான் முயன்றார்கள். பாராசூட் விரியும் நிலைக்கு வருவதற்கு முன்பே ராக்கெட் துண்டு துண்டாகிவிட்டது. என்ஜினை எரித்துக்கொண்டே வரவேண்டிய கட்டாயம் அங்கிருந்துதான் வந்தது.

அதற்குப் பிறகு உச்சியில் இருக்கும் நான்கு சல்லடை மாதிரியான இறக்கைகள் காற்றைப் பிடித்துத் திசை திருப்பும். கடைசியில் தரைக்கு அருகில் வரும்போது பொதுவாக நடுவில் உள்ள ஒரே ஒரு என்ஜின் எரியும். கால்கள் விரியும். இறங்கிவிடும். கேட்க சுலபம்.

இங்கேதான் பெரிய சிக்கல். ராக்கெட் மெதுவாக அந்தரத்தில் மிதந்து, "இன்னும் கொஞ்சம் இடது பக்கம், சரி, இறங்கு" என்று இறங்குவதாக நாம் நினைக்கிறோம். ஃபால்கன் 9-க்கு மிதக்கவே தெரியாது. ஏனென்றால் எரிபொருள் தீர்ந்த பூஸ்டர் கிட்டத்தட்ட ஒரு காலி டின். ஒரே ஒரு மெர்லின் என்ஜினை, எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்தாலும், அது தரும் தள்ளுவிசை அந்தக் காலி டின்னின் எடையைவிட அதிகம். அதனால் என்ஜின் எரியும் வரை வேகம் குறைந்துகொண்டே போகும். பூஜ்யத்தைத் தொட்ட பிறகும் எரிந்தால், ராக்கெட் மறுபடி மேலே போக ஆரம்பித்துவிடும்.

உங்க பஸ்ஸில் ஒரு பிரேக் இருக்கு. மிதிச்சா பஸ் நிற்காது, நிற்கிற நொடியைத் தாண்டிப் பின்னாடி ஓட ஆரம்பிச்சுடும். அந்த பிரேக்கை வச்சு ஸ்டாப்பில் சரியா நிறுத்தணும். முன்னாடி மிதிச்சா ஸ்டாப் வர்றதுக்குள்ள நின்னு பின்னாடி போகும். லேட்டா மிதிச்சா சுவரில் முட்டும். ஆக ராக்கெட்டின் வேகம் பூஜ்யமாகிற நொடியும், கால் தரையைத் தொடுகிற நொடியும் ஒன்றாக இருக்கணும். ஹோவர்ஸ்லாம் என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இதை மனிதன் உட்கார்ந்து ஓட்ட முடியாது. காற்று எப்படி அடிக்கிறது, எவ்வளவு எரிபொருள் மிச்சம், எந்தப் பாதையில் போனால் சரியாக அந்தப் புள்ளியில் இறங்கலாம் என்று ராக்கெட்டிலுள்ள கணினியே உடனுக்குடன் கணக்குப் போடுகிறது. இந்தக் கணித முறைகளுக்கு வேர் எங்கே தெரியுமா? செவ்வாயில் விண்கலத்தைத் துல்லியமாக இறக்குவது எப்படி என்று நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில் நடந்த ஆராய்ச்சியில். அங்கே அந்த வேலையைச் செய்தவர்களில் ஒருவரான லார்ஸ் பிளாக்மோர் பிறகு ஸ்பேஸ்எக்ஸில் சேர்ந்து ராக்கெட் இறங்கும் முறையை உருவாக்கிய குழுவில் இருந்தார். "தனியார் நிறுவனம் சாதித்தது" என்று சொல்லும்போது, அதற்கு அடியில் பல வருஷ அரசு ஆராய்ச்சி இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லணும்.

குப்பையில் செய்த பரிசோதனை

இப்போ எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி.

ஒரு ராக்கெட்டை இறக்கிப் பழக எத்தனை ராக்கெட் உடையணும்? ஒவ்வொன்றும் பல கோடி டாலர். எந்தக் கம்பெனி தாங்கும்? ஸ்பேஸ்எக்ஸ் முதலில் டெக்சாஸில் கிராஸ்ஹாப்பர் என்ற சோதனை ராக்கெட்டை வைத்துக் குதித்துப் பழகியது. 2013 அக்டோபரில் அது 744 மீட்டர் வரை போய் இறங்கியது. ஆனால் வானத்தின் விளிம்பிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் வருவதை அப்படிப் பழக முடியாது.

அவர்கள் செய்த தந்திரம் இதுதான். வாடிக்கையாளருக்கான பயணத்திலேயே பழகினார்கள். செயற்கைக்கோளைக் கொண்டுபோக வாடிக்கையாளர் முழுக் காசும் கொடுத்துவிட்டார். கீழ் அடுக்கு தன் வேலையை முடித்துவிட்டது. மேல் அடுக்கு சரக்கோடு போய்க்கொண்டிருக்கிறது. இனி இந்த பூஸ்டர் எப்படியும் கடலில் விழப்போகிற குப்பை. அந்தக் குப்பையை வைத்து ஒரு பரிசோதனை செய்தால் யாருக்கு என்ன நஷ்டம்? இறங்கினால் லாபம். உடைந்தால் எப்படியும் உடைய வேண்டியதுதான்.

அப்படி உடைந்தவற்றின் வரிசையைப் பாருங்க. 2013 செப்டம்பரில் முதல் தீவிர முயற்சி. ராக்கெட் தன்னைத்தானே சுற்ற ஆரம்பித்து, எரிபொருள் டேங்கின் ஓரத்துக்கு ஒதுங்கி, என்ஜின் அணைந்தது. 2014 ஏப்ரலில் கடல்மேல் மெதுவாக இறங்க முடிந்தது. 2015 ஜனவரியில் கடலில் ஒரு ஆளில்லாத மிதவைக் கப்பலை நிறுத்தி அதன்மேல் இறக்க முயன்றார்கள். கடைசி நேரத்தில் இறக்கைகளை அசைக்கிற ஹைட்ராலிக் எண்ணெய் தீர்ந்துவிட்டது. கப்பலில் மோதி வெடித்தது. அடுத்து ஏப்ரலில், எண்ணெய் இருந்தது. ஆனால் என்ஜினின் விசையைக் கட்டுப்படுத்தும் ஒரு வால்வு கொஞ்சம் ஒட்டிக்கொண்டு தாமதமாக நகர்ந்தது. இறங்கி, சாய்ந்து, விழுந்தது.

2016 ஜனவரியில் என்ன ஆச்சு தெரியுமா? மிக அழகாக, கப்பலின் நடுப்புள்ளிக்குப் பக்கத்திலேயே இறங்கியது. ஒரு கால் பூட்டிக்கொள்ளவில்லை. மடங்கியது. சாய்ந்து விழுந்து எரிந்தது. டிசி-எக்ஸ் விழுந்து இருபது வருஷம் கழித்து மறுபடியும் ஒரு கால். வித்தியாசம் ஒன்றுதான். அன்றைக்கு ஒரு கால் ஒரு திட்டத்தையே முடித்தது. இன்றைக்கு அது ஒரு திருத்தக் குறிப்பு. ஏனென்றால் அடுத்த பயணம் சில வாரங்களில் வரப்போகிறது, அதற்கும் வேறு யாரோ காசு கொடுத்திருக்கிறார்கள். 2017-ல் இந்த வெடிப்புகளை எல்லாம் ஒரே வீடியோவாகத் தொகுத்து, ராக்கெட்டை எப்படி இறக்கக் கூடாது என்று தலைப்பு வைத்து அவர்களே வெளியிட்டார்கள்.

இரண்டு வகை தோல்வி

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தறேன். ஏனென்றால் இந்தக் கதையை எடுத்துத்தான் நிறைய பேர் மேடையில் "தோல்வியைக் கொண்டாடுங்க, சீக்கிரம் தோற்றுப் பழகுங்க" என்று நமக்கு அறிவுரை சொல்கிறார்கள்.

2015 ஜூன் 28. ஃபால்கன் 9 சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சரக்கு கொண்டுபோகிறது. கிளம்பி 139-வது நொடியில் வெடித்துச் சிதறியது. மேல் அடுக்கின் ஆக்சிஜன் டேங்குக்குள் ஹீலியம் உருளையைப் பிடித்திருந்த ஒரு உலோகத் தாங்கி உடைந்ததுதான் காரணம் என்று நிறுவனத்தின் விசாரணை சொன்னது. அந்தத் தோல்வியை யாரும் கொண்டாடவில்லை. வாடிக்கையாளரின் சரக்கு போச்சு. ஆறு மாசம் ராக்கெட்டே கிளம்பவில்லை.

பாருங்க, பூஸ்டர் கப்பலில் விழுந்ததும் வெடிப்பு, இதுவும் வெடிப்பு. ஆனால் முதலாவது, வேலையை ஒழுங்காக முடித்துக் கொடுத்த பிறகு சொந்த நேரத்தில் செய்த பரிசோதனை. இரண்டாவது, கொடுத்த வாக்கில் தவறியது. "சீக்கிரம் தோற்றுப் பழகு" என்பது முதல் வகைக்கு மட்டும்தான் பொருந்தும். உங்க ஆபீஸிலோ புராஜெக்டிலோ யாராவது இந்த வசனத்தைச் சொன்னால், நஷ்டம் யாருடையது என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

இன்னொன்று. இந்தக் கம்பெனி தோல்வியைத் தாங்கியதற்கு துணிச்சல் மட்டும் காரணமில்லை. அவர்களுடைய முதல் ராக்கெட்டான ஃபால்கன் 1 முதல் மூன்று முறையும் தோற்றது. 2008 செப்டம்பரில் நான்காவது முறை ஜெயித்தது. அந்த வருஷக் கடைசியில் நாசா 12 சரக்குப் பயணங்களுக்காக 1.6 பில்லியன் டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. அந்த அரசுப் பணம் இல்லாவிட்டால் இந்தக் கதையை நான் இன்றைக்குச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

காலை ஏழு மணி

அந்த ஜூன் வெடிப்புக்கு ஆறு மாசம் கழித்து, 2015 டிசம்பர் 21. அமெரிக்காவில் ராத்திரி. நமக்கு 22-ஆம் தேதி காலை ஏழு மணி. சென்னையில் வெள்ளம் வடிந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. எங்க வீட்டில் நெட் அப்போதுதான் திரும்ப வந்திருந்தது. ஒரு கையில் காபி, ஒரு கையில் போன்.

வெடிப்புக்குப் பிறகு முதல் பயணம். ஒரு நிறுவனம் இந்த நிலையில் என்ன செய்யும்? அடக்கி வாசிக்கும். சரக்கைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும் என்று இருக்கும். இவர்கள் மேம்படுத்திய புது ராக்கெட்டை எடுத்தார்கள். கப்பலில் இல்லை, முதல் முறையாகத் தரையில், கேப் கேனவரலில் கிளம்பிய இடத்துக்குப் பக்கத்திலேயே இறக்குகிறோம் என்றார்கள். 11 செயற்கைக்கோள்கள் மேலே போய்க்கொண்டிருக்கும்போது, கிளம்பி சுமார் பத்து நிமிஷத்தில், இருட்டில் ஒரு நெருப்புத்தூண் இறங்கி வந்தது. புகை. ஒரு நொடி எதுவும் தெரியவில்லை. அப்புறம் புகை விலகியது. நின்றுகொண்டிருந்தது.

அந்தக் கட்டுப்பாட்டு அறைக்கு வெளியே கூடியிருந்த ஊழியர்கள் கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கு. அந்த பூஸ்டர் மறுபடி பறக்கவில்லை. கலிஃபோர்னியாவில் ஹாதோர்னில் உள்ள நிறுவனத்தின் கட்டடத்துக்கு வெளியே நிற்க வைத்திருக்கிறார்கள்.

இதற்கு ஒரு மாசம் முன்பு, நவம்பர் 23-ல், ஜெஃப் பெசோஸின் ப்ளூ ஆரிஜின் தன் நியூ ஷெப்பர்ட் ராக்கெட்டை டெக்சாஸில் இறக்கிவிட்டது என்பதையும் சொல்லணும். விண்வெளியின் எல்லைவரை போய் நின்ன வாக்கில் இறங்கிய முதல் ராக்கெட் அதுதான். ஆனால் அது நேராக மேலே போய் நேராகக் கீழே வந்தது. செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதைக்கு அனுப்பும் வேகத்தில் ஓடவில்லை. உயரம் வேறு, வேகம் வேறு என்று முன்னாடி சொன்னேனே, அந்த வித்தியாசம்தான்.

2016 ஏப்ரல் 8-ல் கடல் கப்பலிலும் இறங்கியது. அந்தக் கப்பலின் பெயர் ஆஃப் கோர்ஸ் ஐ ஸ்டில் லவ் யூ. இயன் பேங்க்ஸ் என்பவரின் அறிவியல் புனைகதையில் வரும் ஒரு விண்கலத்தின் பெயர். அன்றைக்கு இறங்கிய அதே பூஸ்டர் 2017 மார்ச் 30-ல் இன்னொரு செயற்கைக்கோளைத் தூக்கிக்கொண்டு மறுபடி பறந்தது, மறுபடி இறங்கியது. சுற்றுப்பாதைப் பயணத்துக்குப் பயன்பட்ட ஒரு பூஸ்டர் இரண்டாவது முறையாகப் பறந்தது அதுதான் முதல் தடவை.

சரி, கணக்குக்கு வருவோம்

தங்கை கேட்ட கேள்வி. மிச்சமாகுதா?

திரும்பப் பயன்படுத்துவது என்றாலே மலிவு என்று இல்லை. நாசாவின் ஸ்பேஸ் ஷட்டில் ஞாபகம் இருக்கா? அதன் விண்கலம் திரும்பி வரும், பக்கத்தில் இருக்கும் திட எரிபொருள் பூஸ்டர்களைக் கடலிலிருந்து எடுப்பார்கள். திட்டமிடும்போது வருஷத்துக்கு ஐம்பது பயணம்வரை பேசினார்கள். அதிகபட்சமாக நடந்தது 1985-ல் ஒன்பது. ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கான வெப்ப ஓடுகளைச் சோதிக்கணும், என்ஜினைக் கழற்றிப் பார்க்கணும். பஸ் திரும்பி வந்தது, ஆனால் ஒவ்வொரு டிரிப்புக்கும் ஒர்க்‌ஷாப்பில் மாசக்கணக்கில் நின்றது. 1981 முதல் 2011 வரை 30 வருஷத்தில் 135 பயணம். அவ்வளவுதான்.

ஆக, கணக்கு மூன்று விஷயத்தில் இருக்கு. எவ்வளவு சரக்கை இழக்கிறோம், சரிபார்க்க எவ்வளவு செலவு, எத்தனை முறை பறக்கிறோம். 2020-ல் இது பற்றி ஒரு வெளிப்படையான வாக்குவாதமே நடந்தது. போட்டி நிறுவனமான யுனைட்டட் லாஞ்ச் அலையன்ஸின் தலைவர் டோரி புருனோ, சராசரியாகப் பத்து முறை பறந்தால்தான் இது கட்டுப்படியாகும் என்றார். ஈலான் மஸ்க், சரக்கு இழப்பு 40 சதவீதத்துக்குக் கீழே, மீட்டுச் சரிபார்க்கும் செலவு 10 சதவீதத்துக்குக் கீழே, அதனால் இரண்டு முறையில் சரிக்குச் சரி, மூன்றாவதில் லாபம் என்றார்.

யார் சொன்னது சரி? வேடிக்கை என்னவென்றால் அந்த விவாதமே இப்போ பழசாகிவிட்டது. 2018-ல் வந்த பூஸ்டர் ரகம் பெரிய பழுதுபார்ப்பு இல்லாமல் பத்து முறை பறக்கவேண்டும் என்று வடிவமைக்கப்பட்டது. 2025-ல் ஒரு பூஸ்டர் முப்பதாவது முறையாகப் பறந்தது. அதே வருஷம் இன்னொரு பூஸ்டர் ஒன்பது நாள் இடைவெளியில் மறுபடி கிளம்பியது. புருனோ சொன்ன பத்தையும் தாண்டியாச்சு. 2024-ல் மட்டும் ஃபால்கன் ராக்கெட்டுகள் 134 முறை கிளம்பின. ஷட்டில் முப்பது வருஷத்தில் செய்த எண்ணிக்கை இங்கே ஒரே வருஷத்தில். மனிதர்களே ஏறாத பயணம்தான் இதில் பெரும்பாலும், அதனால் நேரடி ஒப்பீடு இல்லை. ஆனாலும் யோசிச்சுப் பாருங்க.

அதனால் முதல் பதில்: ஆமாம், மிச்சமாகுது. ஷோ இல்லை.

டிக்கெட் விலை குறைஞ்சுதா?

இரண்டாவது கேள்வி இன்னும் முக்கியம். பஸ்ஸை இப்போ கண்மாயில் தள்ளுவதில்லை. அப்போ நம்ம டிக்கெட் குறையணுமே?

2016-ல் ஃபால்கன் 9-க்கு நிறுவனம் வெளியிட்ட விலை 62 மில்லியன் டாலர். 2024-ல் கிட்டத்தட்ட 70 மில்லியன். பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று சொல்லலாம். ஆனால் முப்பது முறை ஓடின பஸ்ஸுக்கும் டிக்கெட் புது பஸ்ஸின் விலைதான். ஏன் குறைக்கணும்? பக்கத்தில் அதே விலைக்கு ஓட்ட வேறு பஸ் கம்பெனி இல்லையே.

மிச்சமான காசு எங்கே போச்சு? பெரும்பகுதி அவர்களுடைய சொந்த வேலைக்கு. ஃபால்கன் கிளம்புவதில் பாதிக்கும் மேல் ஸ்டார்லிங்க் இன்டர்நெட் செயற்கைக்கோள்களைக் கொண்டுபோகத்தான். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. வானியல் ஆய்வாளர்கள் தங்கள் தொலைநோக்கிப் படங்களில் குறுக்கே கோடு கோடாக ஒளி விழுகிறது என்று முறையிடுகிறார்கள். மேலே போவது மலிவானால் மேலே நெரிசலும் கூடும். சாலை போட்டால் வண்டி கூடும் என்பது நமக்குத் தெரியாததா?

இன்னொரு பக்கமும் உண்டு. சின்னச் செயற்கைக்கோள்களுக்கு ஷேர் ஆட்டோ மாதிரி ஒரு சேவை தொடங்கினார்கள். 2021 ஜனவரியில் அப்படி ஒரே ராக்கெட்டில் 143 செயற்கைக்கோள்கள் போயின. முழு ராக்கெட்டை வாங்க முடியாதவர்களுக்கு அங்கே நிஜமாகவே கதவு திறந்தது. பெங்களூரின் பிக்சல் நிறுவனம் 2022 ஏப்ரலில் தன் சகுந்தலா செயற்கைக்கோளை இப்படித்தான் அனுப்பியது.

ஆனால் எல்லாரும் ஒரே ஆட்டோவை நம்பினால்? 2022-ல் உக்ரைன் போர் வந்ததும் ஐரோப்பாவுக்கு ரஷ்யாவின் சோயுஸ் ராக்கெட் கிடைக்காமல் போனது. 2023 ஜூலையில் அவர்களுடைய ஏரியான் 5 ஓய்வு பெற்றது. புது ஏரியான் 6 கிளம்ப இன்னும் ஒரு வருஷம் ஆனது. அந்த நேரத்தில் ஐரோப்பா தன் யூக்ளிட் விண்வெளித் தொலைநோக்கியை அனுப்ப ஃபால்கன் 9-இல்தான் டிக்கெட் வாங்கியது.

நம்ம கதையும் உண்டு. 2024 நவம்பரில் இஸ்ரோவின் ஜிசாட்-என்2 செயற்கைக்கோள் கேப் கேனவரலிலிருந்து போனது. எடை 4,700 கிலோ. நம்ம எல்விஎம்3 ராக்கெட் அந்த வகைப் பாதைக்கு நாலாயிரம் கிலோ அளவுதான் தூக்கும். முன்பெல்லாம் இப்படிக் கனமானதற்கு ஏரியானிடம் போவோம். இந்த முறை, ஏற்கெனவே பலமுறை பறந்த ஒரு பூஸ்டர் நம்ம செயற்கைக்கோளைத் தூக்கிக் கொடுத்துவிட்டு கடலில் இறங்கிக்கொண்டது.

அதனால் இரண்டாவது பதில்: மிச்சம் நிச்சயம் இருக்கு, ஆனால் அதில் பெரும்பங்கு பஸ் முதலாளியிடம்தான். விலை உண்மையாகக் குறைய இரண்டாவது பஸ் கம்பெனி வேணும். 2025 நவம்பரில் ப்ளூ ஆரிஜினின் பெரிய ராக்கெட்டான நியூ க்ளென், தன் இரண்டாவது பயணத்திலேயே பூஸ்டரைக் கடல் கப்பலில் இறக்கியது. முதல் பயணத்தில் அதைத் தொலைத்திருந்தது. போட்டி இப்போதுதான் நிஜமாகத் தொடங்குகிறது. ஸ்பேஸ்எக்ஸும் சும்மா இல்லை. 2024 அக்டோபரில் ஸ்டார்ஷிப்பின் பூஸ்டரை, காலே இல்லாமல், ஏவுதளக் கோபுரத்தின் இரண்டு கைகளால் பிடித்துக் காட்டியது. கால் மடங்கும் தொல்லைக்கு அவர்கள் கண்ட தீர்வு, காலே வேண்டாம் என்பது.

தங்கச்சி, உங்க கேள்விக்கு இதுதான் என் பதில். அடுத்த தடவை அந்த வீடியோவைப் பார்க்கும்போது, பூஸ்டர் இறங்குவதைப் பாருங்க, கை தட்டுங்க, தப்பில்லை. அப்படியே மேலே போய்க்கொண்டிருக்கும் அந்த இன்னொரு பாதியையும் ஒரு நொடி நினைச்சுப் பாருங்க. அதில் யாருடைய சரக்கு இருக்கு, அவங்க எவ்வளவு கொடுத்தாங்க, அவங்களுக்கு வேற வழி இருந்ததா என்று. நீங்க படிப்பை முடித்து வெளியே வரும்போது அந்த வேற வழியைக் கட்டுகிற வேலைதான் உங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்கும்னு நினைக்கிறேன்.

அடுத்த வாரம் வேறொரு கேள்வியோட சந்திப்போம். வாய்ஸ் நோட் அனுப்ப மறக்காதீங்க.